கிராங்க் பின் லூஸாக உட்காருகிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழிமுறை

ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் கிராங்க் ஷாஃப்ட் ஒரே துண்டு கிடையாது. ஷாஃப்ட்டோடு சேர்ந்த கனமான வட்டு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. நடுவில் இரண்டையும் இணைப்பது கிராங்க் பின். பின்மேல் நீடில் பேரிங் (ஊசி போல மெல்லிய உருளைகள் கொண்டது), பேரிங்மேல் கனெக்டிங் ராட். அந்த வட்டுகளை வெப் என்பார்கள். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். இந்தப் பின்னைப் பிடித்து வைக்க நட்டும் இல்லை, போல்ட்டும் இல்லை, கீயும் இல்லை. வெப்பின் துளையைவிடப் பின் கொஞ்சம் பருமன். அதை டன் கணக்கில் அழுத்தி உள்ளே இறக்கியிருக்கிறார்கள். எஞ்சினின் மொத்த விசையையும் அந்த இறுக்கம் ஒன்றுதான் தாங்குகிறது.

பிக் எண்ட் கிட், அதாவது கனெக்டிங் ராட்டின் பெரிய முனைக்கான பின், பேரிங் செட் மாற்றும் வேலையை வீட்டுப் பட்டறையில் தாங்களே செய்கிறவர்களுக்கு இங்கேதான் சிக்கல் வருகிறது. பழைய பின் சத்தத்தோடு கழன்றது. புதிய பின்னோ சாதாரணமாக உள்ளே போகிறது. அல்லது கிராங்க்கை நேராக்கி வைத்தால் மறுநாள் மறுபடி அவுட், அதாவது கோணல். உடனே கை பசை டப்பாவையோ வெல்டிங் மெஷினையோ தேடிப் போகும். கொஞ்சம் பொறுங்கள். பின் லூஸ் என்பது அளவில் வந்த குறை. அளவில்தான் சரிசெய்ய வேண்டும். எந்த அளவு, எங்கே, எவ்வளவு குறைந்தது என்று தெரியாமல் தொடங்கும் வைத்தியம் எதுவும் நிலைக்காது.

எந்த அறிகுறிக்கும் முன்னால்: அளந்து பாருங்கள்

வெர்னியர் இந்த வேலைக்குப் போதாது. அதன் நுணுக்கம் 0.02 மி.மீ.; நாம் தேடும் வித்தியாசமே அந்த அளவுதான். பின்னுக்கு ஒரு மைக்ரோமீட்டர், துளைக்கு டயல் போர் கேஜ், இரண்டும் வேண்டும். சொந்தமாக இல்லையென்றால் வெப் இரண்டையும் பின்னையும் எடுத்துக்கொண்டு எஞ்சின் ரீபோர் செய்யும் லேத் பட்டறைக்குப் போங்கள். அளந்து எழுதிக் கொடுப்பார்கள்.

அளக்கும் முறை முக்கியம். முதலில் மைக்ரோமீட்டரைப் பின்னின் முனையில் வைத்துப் படித்து, அந்த அளவிலேயே லாக் செய்யுங்கள். போர் கேஜை அந்த மைக்ரோமீட்டரின் தாடைகளுக்கு நடுவில் வைத்து ஜீரோ செய்யுங்கள். பிறகு அதைத் துளைக்குள் விட்டால் முள் காட்டுவது நேரடியாக இறுக்கத்தின் அளவு, அதாவது பின் துளையைவிட எவ்வளவு பருமன் என்பது. பின் எவ்வளவு, துளை எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கழிக்கத் தேவையில்லை. மைக்ரோமீட்டரில் சிறு பிழை இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றாக வந்து அடிபட்டுப் போகும்.

துளையை மூன்று ஆழங்களில் அளவெடுங்கள்: உள்முக விளிம்புக்குச் சற்று உள்ளே, நடுவில், வெளிமுகத்துக்கு அருகே. ஒவ்வோர் ஆழத்திலும் ஷாஃப்ட்டை நோக்கிய திசையில் ஒரு முறை, அதற்குக் குறுக்காக ஒரு முறை. மொத்தம் ஆறு எண்கள். பின்னின் இரு முனைகளையும் இதே போல. பின், வெப், கருவிகள் எல்லாம் ஒரே மேசையில் சில மணி நேரம் கிடந்து ஒரே சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். 25 மி.மீ. எஃகு 10 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய 3 மைக்ரான் (0.003 மி.மீ.) விரியும். இது பெரிய அளவில்லைதான். ஆனால் வெயிலில் கிடந்த வெப்பையும் இப்போதுதான் கவரிலிருந்து எடுத்த பின்னையும் சேர்த்து அளந்தால் வரும் எண்ணை நம்ப முடியாது.

எவ்வளவு இறுக்கம் இருக்க வேண்டும்? உங்கள் எஞ்சினின் சர்வீஸ் மேனுவல் சொல்வதுதான் முதல் அளவு. மேனுவலில் இல்லாதபோது, 20 முதல் 25 மி.மீ. பின் கொண்ட சிறு எஞ்சின்களுக்கு 0.06 முதல் 0.09 மி.மீ. வரை என்பது பொதுவாகப் புழங்கும் வரம்பு. இறுக்கம் பாதியானால் பிடியும் பாதி. 0.07 இருக்க வேண்டிய இடத்தில் 0.02தான் வருகிறது என்றால், கையில் எடுத்துப் பார்க்கும்போது கல் போல இறுகியிருக்கும். எஞ்சினுக்குள் அது லூஸ் பின்தான்.

பழைய பின்னைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் நடுப்பகுதி பேரிங் ஓடித் தேய்ந்திருக்கும். ஆனால் வெப்புக்குள் அமர்ந்திருந்த முனைகள் பெரும்பாலும் தேயாமல் இருக்கும். கம்பெனி போட்ட அளவு என்ன என்று சொல்ல அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அறிகுறி: பிரஸ்ஸில் பின் சுலபமாக இறங்குகிறது

ஹைட்ராலிக் பிரஸ்ஸின் கைப்பிடியை அழுத்தும்போதே தெரியும். சரியான பின் விட்டுவிட்டு நகரும், ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு அதிர்வு கைக்கு வரும். லூஸ் பின் வழவழவென்று போய்க்கொண்டே இருக்கும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 22 மி.மீ. பின், வெப்புக்குள் 18 மி.மீ. பிடி நீளம், துளையைச் சுற்றி நல்ல கனம், லேசான எண்ணெய்ப் பூச்சு, 0.07 மி.மீ. இறுக்கம் என்று வைத்துக்கொண்டால் முழுதாக இறக்க 3 முதல் 4 டன் வரை தேவைப்படும். இறுக்கம் 0.02 ஆனால் 1 டன்னிலேயே போய்விடும். உங்கள் பிரஸ்ஸில் கேஜ் இருந்தால் இந்த எண்ணைக் கவனியுங்கள். சில கேஜ்கள் டன்னுக்குப் பதில் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும். அதை ராமின் (அழுத்தும் தண்டின்) பரப்பால் பெருக்கித்தான் விசை வரும்.

சுலபமாக இறங்குகிறது என்று தெரிந்ததும் நிறுத்துங்கள். பாதியில் நிறுத்தினால் ஒன்றும் கெட்டுவிடாது. முழுதாக இறக்கிவிட்டு மறுபடி எடுத்தால் துளை இன்னும் கொஞ்சம் மழுங்கும். ஒவ்வொரு முறை பின்னை ஏற்றி இறக்கும்போதும் துளையின் சுவர் கொஞ்சம் வழித்தெடுக்கப்படுகிறது. சோதனைக்கு ஒரு தடவை போட்டுப் பார்ப்போம் என்ற பழக்கம் இந்த வேலைக்கு ஆகாது.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது, பின்னே சிறிது. கிட்டில் வந்த பின்னின் முனையைப் பழைய பின்னின் முனையோடு ஒப்பிட்டால் உடனே தெரியும். தரம் குறைந்த கிட்களில் 0.02, 0.03 மி.மீ. குறைவாக வருவது நடக்கிற விஷயம்தான். காரணங்களிலேயே நல்ல காரணம் இது; பின்னை மாற்றினால் பிரச்சினை முடிந்தது. அதனால்தான் வெப்பைச் சந்தேகிக்கும் முன் பின்னை அளக்கச் சொல்கிறேன்.

இரண்டாவது, துளை விரிந்துவிட்டது. பலமுறை பிரித்துப் பூட்டிய கிராங்க், அல்லது லூஸ் பின்னோடு நெடுநாள் ஓடிய கிராங்க்.

மூன்றாவது, வெப்பில் விரிசல். துளையிலிருந்து வெப்பின் வெளி ஓரத்தை நோக்கி மயிரிழை போல ஓடும். ஓரம் மெல்லியதாக இருக்கும் பக்கத்தில்தான் முதலில் வரும். கண்ணுக்குத் தெரியாது. டை பெனட்ரன்ட் ஸ்ப்ரே வாங்கிச் சோதியுங்கள்: துடைத்து, சிவப்பு மருந்தடித்து ஊறவிட்டு, துடைத்துவிட்டு, வெள்ளை மருந்தடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழும். கோடு வந்தால் அந்த வெப்புக்கு மருந்தே இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

சூடு, குளிர் பற்றி ஒரு வார்த்தை. பின்னை ஃப்ரீஸரில் வைத்துவிட்டுப் போட்டேன், அதனால்தான் சுலபமாகப் போனது என்று சமாதானம் சொல்வது உண்டு. 25 மி.மீ. பின்னை 40 டிகிரி குளிர்வித்தால் சுருங்குவது ஏறக்குறைய 0.01 மி.மீ. மட்டுமே. அதனால் 4 டன் வேலை 1 டன்னாகக் குறையாது. வெப்பை நன்றாகச் சூடாக்கியிருந்தால் கதை வேறு: 130 டிகிரி கூட்டினால் அதே துளை 0.04 மி.மீ. அளவுக்கு விரியும், பிரஸ்ஸின் விசையும் அதற்கேற்பக் குறையும். ஆகவே சூடாக்கிப் போட்ட பின்னின் இறுக்கத்தை விசையை வைத்து எடைபோடக் கூடாது. அளந்த எண்தான் பேச வேண்டும்.

அறிகுறி: ஒரு வெப்பில் டைட், மறு வெப்பில் லூஸ்

பிரிக்கும்போது பின் எந்த வெப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது என்று குறித்து வையுங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் கெட்டிருக்கும். பிரிக்கும்போது கோணலாக நின்று பின் துளையைக் கீறியிருந்தால் அந்தப் பக்கம் நீளவாக்கில் கோடுகள் தெரியும். நகத்தை ஓட்டினாலே தடுக்கும். கோடுகளின் ஓரத்தில் உலோகம் மேடாக எழுந்து நிற்பதால் போர் கேஜ் துளை சிறிதாக இருப்பதாகக் காட்டும். பிரஸ்ஸில் போட்டதும் அந்த மேடு மழுங்கிப் பின் லூஸாகும். இப்படிப்பட்ட துளையை அளக்கும் முன் மெல்லிய எண்ணெய்க் கல்லால் மேடுகளை மட்டும் தேய்த்து எடுங்கள். கல் சுவரின் மற்ற இடத்தைத் தொடக் கூடாது.

விளிம்பில் மட்டும் 1 அல்லது 2 மி.மீ. ஆழத்துக்கு வாய் அகன்றிருந்து, உள்ளே அளவு சரியாக இருந்தால் பயப்பட வேண்டாம். பிடி நீளம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பாதித் துளை வரை அகன்றிருந்தால் அது லூஸ் துளைக் கணக்கில் சேரும்.

அறிகுறி: ட்ரூ செய்தது நிற்கவில்லை

ட்ரூ செய்வது என்றால் இரு பக்க ஷாஃப்ட்டையும் ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவருவது. இந்த வேலையில் மிகவும் சலிப்பூட்டும் இடம் இது. கிராங்க்கை வி பிளாக்கிலோ லேத் சென்டர்களுக்கு நடுவிலோ வைத்து, இரண்டு பக்க ஷாஃப்ட்டிலும் டயல் கேஜ் வைத்துச் சுற்றுகிறீர்கள். செம்புச் சுத்தியலால் தட்டி 0.02 மி.மீ.க்குக் கொண்டு வருகிறீர்கள். கீழே வைத்து எடுத்துப் பார்த்தால் 0.08.

முதலில் டயல் சொல்வதைப் படிக்கப் பழகுங்கள். டயலில் வரும் மொத்த ஆட்டம் உண்மையான விலகலின் இரு மடங்கு. உச்சப் புள்ளி எங்கே வருகிறது என்பதுதான் விஷயம். பின்னுக்கு 90 டிகிரி குறுக்காக வந்தால் இரண்டு வெப்களும் பின்னைச் சுற்றி ஒன்றுக்கொன்று திரும்பியிருக்கின்றன. பின்னின் நேர்த் திசையிலோ அதற்கு நேரெதிரிலோ வந்தால் வெப்கள் இணையாக இல்லை. ஒரு பக்கம் நெருங்கி, மறுபக்கம் விரிந்திருக்கின்றன. முதலாவதற்கு வெப்பின் ஓரத்தில் தட்ட வேண்டும். இரண்டாவதற்கு நெருங்கிய பக்கத்தில் ஆப்பு வைத்துத் திறக்க வேண்டும், அல்லது விரிந்த பக்கத்தைக் கிளாம்பால் இறுக்க வேண்டும்.

இப்போது தட்டுவதைக் கவனியுங்கள். சரியான இறுக்கம் உள்ள கிராங்க்கைத் திருப்ப ஓங்கித்தான் அடிக்க வேண்டும். செம்புச் சுத்தியலின் முகமே நசுங்கும். லேசான தட்டலுக்கே டயல் 0.05, 0.10 என்று தாவினால் உங்கள் கையில் இருப்பது லூஸ் பின். அந்தக் கிராங்க்கை எத்தனை முறை ட்ரூ செய்தாலும் எஞ்சின் அதை மறுபடி திருப்பிவிடும். பின் துளைக்குள் எவ்வளவு வழுக்கினால் போதும் தெரியுமா? 22 மி.மீ. பின், ஷாஃப்ட் மையத்திலிருந்து 25 மி.மீ. தள்ளி இருப்பதாக வையுங்கள். பின்னின் மேற்பரப்பு 0.022 மி.மீ. வழுக்கினாலே இரு ஷாஃப்ட்களின் மையக்கோடும் 0.05 மி.மீ. விலகிவிடும், டயல் 0.10 காட்டும். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லாத நழுவல் அது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். எஞ்சினில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் அடி விழுகிறது.

சுத்தியலுக்கு அசையவே அசையாத கிராங்க், ஆனால் பின்னின் நேர்த் திசையில் ஆட்டம் மட்டும் போகவில்லை, வெப்களின் இடைவெளியும் சுற்றிலும் ஒன்றாகவே இருக்கிறது என்றால், அது லூஸ் பின் கிடையாது. இரண்டு வெப்களிலும் ஷாஃப்ட்டுக்கும் பின் துளைக்கும் உள்ள தூரம் வேறுபடுகிறது, அல்லது ஷாஃப்ட்டே வளைந்திருக்கிறது. ஜோடி மாற்றிச் சேர்த்த வெப்களில் இதைப் பார்க்கலாம். அதைத் தட்டித் தீர்க்க முயன்றால் நல்ல இறுக்கமும் போய்விடும்.

அறிகுறி: பின் முனையைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி

பிரித்த கிராங்க்கைக் கழுவும் முன் வெப்பின் வெளிமுகத்தைப் பாருங்கள். பின்னும் வெப்பும் சேரும் வட்டக் கோட்டில் துரு நிறத்தில் பொடியோ பசையோ கசிந்திருந்தால், பின் உள்ளே நுண்ணிய அளவில் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. எண்ணெயில் நனைந்த இடத்தில் துருப்பிடிக்க வழியில்லை. இரண்டு எஃகுப் பரப்புகள் இறுக்கத்துக்குள் உரசி உதிர்த்த துகள் அது. பின்னை எடுத்தபின் முனையில் கறுத்த, அரித்தது போன்ற திட்டுகள் தெரியும். அந்தப் பின்னையும் அந்தத் துளையையும் அப்படியே மறுபடி சேர்க்கக் கூடாது. அளவு தப்பிப் பிழைத்திருந்தாலும், அரிப்புக் குழிகளிலிருந்துதான் விரிசல் தொடங்கும்.

அறிகுறி: ஓடும்போது அதிர்வு கூடுகிறது, மேக்னெட் உரசுகிறது

பூட்டி ஓட்டிய புதிதில் நன்றாக இருந்து, போகப் போக ஹேண்டில்பாரிலும் ஃபுட்ரெஸ்ட்டிலும் அதிர்வு ஏறிக்கொண்டே போனால் கிராங்க்கைச் சந்தேகிக்கலாம். எஞ்சினைப் பிரிக்காமலே ஒரு சோதனை உண்டு. மேக்னெட் கவரைக் கழற்றி, ரோட்டரையும் (காந்தம் பொருத்திய சக்கரம்) எடுத்துவிட்டு, ஷாஃப்ட்டின் தெரிகிற பகுதியில் டயல் கேஜ் வைத்து எஞ்சினை மெதுவாகச் சுற்றுங்கள். மறுபக்கம் கிளட்ச் பக்க ஷாஃப்ட்டிலும் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. பூட்டும்போது எழுதி வைத்த எண்ணோடு ஒப்பிட்டால் திரும்பியதா இல்லையா என்று தெரிந்துவிடும். ரோட்டரின் உள்முகத்தில் ஒரே பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருப்பதும் இதே சேதியைத்தான் சொல்லும்.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கே விலக்கிவிட வேண்டும். இக்னிஷன் டைமிங் நிரந்தரமாக ஒரு பக்கம் மாறிவிட்டால் பின் திரும்பிவிட்டது என்று சொல்வார்கள். 25 மி.மீ. ஆரத்தில் டைமிங் 1 டிகிரி மாறும் அளவுக்கு வெப் திரும்பினால் மையக்கோடுகள் 0.44 மி.மீ. விலகும். அந்நிலையில் மெயின் பேரிங்குகள் கிராங்க்கைச் சுலபமாகச் சுற்றவே விடா. டைமிங் மாறியிருந்தால் முதலில் ரோட்டருக்கு அடியிலுள்ள அரைவட்டக் கீயைப் பாருங்கள், அது அறுந்திருக்கும். இக்னிஷன் பாயிண்ட் உள்ள பழைய எஞ்சின்களில் டைமிங் விளக்கு நிலையில்லாமல் துள்ளினால் அது ஷாஃப்ட் ஆட்டமாக இருக்கலாம்.

அறிகுறி: புதிய பிக் எண்ட் சீக்கிரமே போகிறது

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் இதை முதலில் சோதியுங்கள். ஆயில், வெப்பிலுள்ள துவாரம் வழியாகப் பின்னுக்குள் நுழைந்து, பின்னின் நடுவிலுள்ள துளை வழியாக நீடில்களுக்குப் போகிறது. பின்னைச் சற்றுத் திருப்பிப் போட்டாலும் அந்த வழி அடைபடும். சரியாகப் போட்ட கிராங்க் பின்னும் இரண்டு வெப்பிலும் லூஸாக இருந்தால் உள்ளே சுற்றிக்கொண்டே போய் வழியை மூடிவிடும். பின் நீல நிறமாகச் சூடேறியிருக்கும், நீடில்களைப் பிடித்திருக்கும் கூடு உடைந்திருக்கும். ஆயில் பம்ப்போ நன்றாக இருக்கும். பிரிக்கும் முன்பே ஆயில் துவாரத்தில் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். கம்பி பின்னின் சுவரில் முட்டினால் பதில் கிடைத்துவிட்டது.

குறுக்கு வழிகள்: எது எதற்கு ஆகும், எது ஆகாது

துளையைச் சுற்றிப் பஞ்ச் அடிப்பது: விளிம்பில் உள்ள உலோகம் மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளப்படும். உள்ளே பிடி இருக்காது. அதோடு ஒவ்வொரு பஞ்ச் குழியும் விரிசலுக்கு ஒரு தொடக்கப் புள்ளி. வேண்டாம்.

பின்னைச் சொரசொரப்பாக்குவது: பின் 60 ஹெச்.ஆர்.சி. (ராக்வெல் கடினத்தன்மை அளவு) அளவுக்குக் கடினப்படுத்தப்பட்டது, சாதாரண பஞ்சோ நர்லிங் உருளையோ அதில் பதியாது. கிரைண்டரால் கீறினால் அதன் முனைகள் வெப்பின் சுவரை உழுதுகொண்டு போகும். வேண்டவே வேண்டாம்.

மெல்லிய தகடு சுற்றுவது: பிரஸ்ஸில் போகும்போதே கிழிந்து சுருண்டு ஒரு பக்கம் சேரும். பின் கோணலாகும்.

ரிடெய்னிங் காம்பவுண்ட், அதாவது பேரிங் லாக்டைட் வகைப் பசை: இதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். நிதானமாகவே சொல்கிறேன். சரியான இறுக்கம் இருக்கும் பின்னுக்குத் துணையாக அதைச் சேர்ப்பதில் தப்பில்லை. இறுக்கம் இல்லாத கிராங்க் பின்னுக்கு அது மாற்று ஆகாது. திசை மாறி மாறி விழும் அடி, எஞ்சின் சூடு, சுற்றிலும் எண்ணெய் என எல்லாம் சேர்ந்து அதைத் தளர்த்தும். போடுவதாக இருந்தாலும் பின்னில் தடவாதீர்கள். பின் துளைக்குள் நுழையும்போது விளிம்பு அந்தப் பசையை வழித்துப் பேரிங் பக்கம் தள்ளிவிடும். நீடில்களுக்குள் ஒரு சொட்டு போனாலும் பேரிங் இறுகிவிடும். துளையின் உள்பக்க விளிம்பில் மெல்லிய வளையமாகத் தடவினால் பின்னின் முனை அதை வெளிமுகத்தை நோக்கிக் கொண்டு போகும். ஆயில் துவாரம் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் கிராங்க்கில் இதையும் தவிர்த்துவிடலாம்.

வெல்டிங்: பந்தய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பின்னின் முனையையும் வெப்பையும் சேர்த்து டிக் வெல்டிங்கில் சிறு சிறு புள்ளிகள் வைப்பார்கள். அவர்கள் அதை முழு இறுக்கத்தோடு பூட்டி, ட்ரூ செய்து முடித்த கிராங்க்கில், திரும்பாமல் இருக்கக் கூடுதல் காவலாகத்தான் செய்கிறார்கள். லூஸ் பின்னை வெல்டிங்கால் பிடித்து வைத்தால் மொத்த விசையும் அந்தச் சிறு புள்ளிகளுக்கு வரும். கடினப்படுத்திய எஃகுக்குப் பக்கத்தில் வெல்டிங் இயல்பிலேயே நொறுங்கும் தன்மை கொண்டது. ஒருநாள் விரிசல் விடும். வெல்டிங் சூட்டில் கிராங்க் மறுபடி அவுட் ஆகும் என்பது தனிக் கவலை.

பின்னின் முனைக்கு ஹார்டு குரோம் பூச்சு: 0.02, 0.03 மி.மீ. குறையை நிரப்ப முடியும். ஆனால் நடுப்பகுதியை மூடி முனைகளுக்கு மட்டும் பூசி, பூச்சின்போது எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜன் வெளியேறச் சூளையில் வைத்து எடுத்து, பிறகு கிரைண்ட் செய்ய வேண்டும். இதை முறையாகச் செய்யும் இடம் தெரிந்தால் மட்டும் யோசிக்கலாம். ஓவர்சைஸ் பின் (வழக்கத்தைவிடப் பருமனானது) கிடைக்குமென்றால் நான் அதைத்தான் எடுப்பேன்.

நிலைக்கும் தீர்வு

பின் சிறியதென்றால் சரியான பின். வெப்பில் விரிசல் என்றால் வேறு வெப், கூடுமானவரை ஜோடியாக. இரண்டிலும் யோசனை தேவையில்லை.

துளை விரிந்திருந்தால் ஓவர்சைஸ் பின். சில எஞ்சின்களுக்குத் தயாராகவே கிடைக்கும். இல்லாவிட்டால் கிரைண்டிங் பட்டறையில் செய்து தருவார்கள். மேற்பரப்பு கடினப்படுத்தும் வகை அலாய் ஸ்டீலில் கடைந்து, கடினப்படுத்தி, பிறகு கிரைண்ட் செய்ய வேண்டும். பேரிங் ஓடும் நடுப்பகுதி பழைய அளவிலேயே இருக்க வேண்டும். முனைகள் மட்டும் பருமன். முனையும் நடுப்பகுதியும் சேரும் இடத்தில் கூரான படி விடக் கூடாது, சிறு வளைவு விடச் சொல்லுங்கள். முறிவு அந்தப் படியில்தான் ஆரம்பிக்கும்.

ஒரு வெப் மட்டும் கெட்டிருந்தால் ஒரு முனை மட்டும் ஓவர்சைஸ் போதும். பருத்த முனையை முதலில் அதன் வெப்பில் ஏற்றிவிடுங்கள். பேரிங்கும் ராட்டும் மறுமுனை வழியாகத் தடையின்றி இறங்கும். இரண்டு முனையும் பருமனென்றால், வாங்கும் முன்பே பேரிங்கின் கூடு நீடில்களோடு அந்த முனையைத் தாண்டிப் போகுமா என்று கையில் போட்டுப் பாருங்கள்.

துளை வட்டம் தப்பி முட்டை வடிவமாகியிருந்தால் பின்னை மட்டும் பருமனாக்கிப் பயனில்லை. துளையைப் புதிதாக போர் செய்ய வேண்டும். கை ஹோன் (துளைக்குள் ஓட்டும் தேய்ப்புக் கல்) போட்டால் கெட்ட வடிவத்தைப் பின்தொடர்ந்து போய் வாயை இன்னும் அகட்டிவிடும். இரண்டு வெப்களையும் ஒரே ஜிக்கில், ஷாஃப்ட்டை ஆதாரமாகப் பிடித்து, ஒரே செட்டிங்கில் போர் செய்வதுதான் முறை. ஷாஃப்ட்டிலிருந்து துளைக்கான தூரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், துளை ஷாஃப்ட்டுக்கு இணையாகவும் இருக்க வேண்டும். பட்டறைக்காரரிடம் இந்த இரண்டையும் எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் கொடுங்கள்.

பின் எவ்வளவு பருத்தாலும் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். இறுக்கம் கூடக் கூட வெப்பின் துளைச் சுவர் இழுபடுகிறது. ஓர் அளவைத் தாண்டினால் உலோகம் நிரந்தரமாக விரிந்துவிடும். பிறகு கூடுதல் பருமனுக்குக் கூடுதல் பிடி கிடைக்காது, விரிசல்தான் கிடைக்கும். மேனுவலின் மேல் வரம்பு வரை போங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

திரும்பப் பூட்டும்போது

பிரிக்கும் முன்னரே இரண்டு வெப்களின் வெளிமுகங்களுக்கு இடையிலான அகலத்தையும், பின் முனை வெப்பின் முகத்திலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதையும் எழுதி வைத்திருப்பீர்கள். துளையின் விளிம்புகளைத் துடைத்து, பின்னுக்கு மெல்லிய எண்ணெய் தடவுங்கள். வறட்டுப் பின் துளையைக் கீறும். முதல் வெப்பைத் தட்டையான, கெட்டியான பலகைமேல் அமர்த்தி, பின் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டத்தால் பார்த்து இறக்குங்கள். ஆயில் துவாரம் இருந்தால் பின்னின் முனையிலும் வெப்பிலும் மார்க்கரால் கோடு போட்டு நேர் வைக்க வேண்டும். இறங்கியபின் துவாரத்தில் காற்றோ எண்ணெயோ விட்டுப் பாருங்கள்.

வாஷர், பேரிங், ராட், மறு வாஷர் எல்லாம் போட்டபின் இரண்டாவது வெப். 2, 3 மி.மீ. இறங்கியதும் நிறுத்தி, வெப்களின் ஓரங்களில் ஸ்டீல் ரூலரைச் சாய்த்து, பின்னுக்கு 90 டிகிரி குறுக்கான இரண்டு இடங்களிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். இந்த நேரத்தில் திருப்புவது சுலபம். முழுதாக இறங்கியபின் அதே திருப்பலுக்குச் சுத்தியலோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். ராட்டுக்கும் வெப்புக்கும் நடுவே மேனுவல் சொல்லும் தடிமனில் ஃபீலர் கேஜ் வைத்து, அது இலேசாகப் பிடிக்கும் வரை மட்டும் அழுத்துங்கள். பிரஸ்ஸில் வேலை செய்யும்போது பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். டன் கணக்கில் அழுத்தத்தில் இருக்கும் எஃகு தெறித்தால் கண் போகும். ராமுக்கு நேரெதிரே முகத்தை வைக்காதீர்கள்.

பிறகு ட்ரூ. 0.03 மி.மீ.க்குள் என்று பல மேனுவல்கள் கேட்கும், 0.02க்குள் வந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

பழைய சில எஞ்சின்களில் பின்னின் முனைகள் கூம்பாக இருந்து நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். அங்கே அளவுக் கணக்கு இதுவல்ல. கூம்பு முழுக்கப் படிகிறதா என்று மார்க்கிங் நீலம் தடவிச் சோதித்து, படியாவிட்டால் பின்னையோ வெப்பையோ மாற்றி, நட்டை மேனுவல் சொல்லும் டார்க்குக்கு இறுக்க வேண்டும். கார் எஞ்சின்களின் ஒரே துண்டுக் கிராங்க்கில் ஃப்ளைவீல் அமரும் முகத்தில் உள்ள சிறு டவல் பின் லூஸானால் அது நிலைகாட்டிதான். விசையைத் தாங்குவது போல்ட்கள். புதிய டவல் போட்டும் ஆடினால் துளையை ரீமர் ஓட்டி அடுத்த அளவு டவல் போடலாம், ஃப்ளைவீல் துளையையும் அதற்கேற்ப ரீம் செய்து.

எஞ்சினுக்குள் கிராங்க்கை அமர்த்தி, கேஸ் இரண்டையும் பூட்டியபின், சிலிண்டர் ஏற்றும் முன் இன்னொரு முறை இரு முனைகளிலும் டயல் வைத்துப் பாருங்கள். மெயின் பேரிங் ஏற்றும்போது விழுந்த அடியில் கிராங்க் அசைந்திருந்தால் இங்கே பிடிபடும். வரும் எண்ணை எஞ்சின் நோட்டில் தேதியோடு குறியுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மேக்னெட் கவரைக் கழற்றி அதே இடத்தில் மறுபடி அளங்கள். எண் மாறாமல் இருந்தால் பின் பிடித்துக்கொண்டுவிட்டது.